1972 எம்ஜிபி ஜிடி: ஒரு வருடம், 8,600 மைல், வீட்டில் வேறு கார் இல்லை

டாஷ்போர்டுப் பெட்டிக்குள் நாற்பது பக்க நோட்டு ஒன்றைப் போட்டு வைத்திருந்தேன். பெட்ரோல் போட்டால், ஆயில் ஊற்றினால், வழியில் நின்றால், எதையாவது கழற்றி மாட்டினால் அதில் ஒரு வரி எழுதுவது என்று ஏற்பாடு. முதல் வரி 2022 ஏப்ரல் 4, திங்கட்கிழமை. கடைசி வரி 2023 மார்ச் 31. இந்த ஆய்வு அந்த நோட்டைப் பார்த்து எழுதியது. நினைவை நம்பி எழுதியிருந்தால் இதைவிட அழகாக வந்திருக்கும். பழைய கார் வைத்திருப்பவர்களின் நினைவு அப்படிப்பட்டது.

கேள்வி எளிது. ஐம்பது வயதான பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை, ஞாயிற்றுக்கிழமை துடைத்து வைக்கும் பொம்மையாக இல்லாமல், வீட்டின் ஒரே காராக வைத்துக்கொண்டு வேலைக்குப் போய்வர முடியுமா? நான் இருப்பது இங்கிலாந்தின் டிட்காட்டில். வேலை ஆக்ஸ்போர்டின் கிழக்கு ஓரத்தில். ஒரு வழி ஏறத்தாழ 18 மைல், வாரம் நான்கு நாள். அதில் பெரும்பகுதி ஏ34 என்ற சாலை. சவுத்தாம்ப்டன் துறைமுகத்திலிருந்து நாட்டின் நடுப்பகுதிக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் எல்லாம் அந்த வழியாகத்தான் வரும். கார் கைவிட்டால் டிட்காட் ரயில் நிலையம் இருக்கிறது. அந்தத் தைரியத்தில்தான் இறங்கினேன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரயில் இல்லாத ஊரில் இருந்தால் இந்தச் சோதனையைத் தொட்டிருக்க மாட்டேன்.

எம்ஜி என்றதும் இந்திய வாசகருக்கு இப்போது ஹெக்டர் நினைவுக்கு வரும். அதற்கும் இதற்கும் பெயர்தான் உறவு. அந்தப் பெயர் இன்று சீனாவின் சாயிக் நிறுவனத்திடம் இருக்கிறது. பழைய எம்ஜி, ஆக்ஸ்போர்டில் மோரிஸ் கராஜஸ் என்ற விற்பனைக் கடையில் முளைத்து, பக்கத்து ஊரான அபிங்டனில் தொழிற்சாலை வைத்து வளர்ந்தது. எம்ஜிபி 1962இல் வந்தது. கூரை போட்ட ஜிடி வடிவம் 1965இல். 1980 அக்டோபரில் அபிங்டன் ஆலையை மூடும்வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். என் கார் தினமும் போகும் ஏ34 அபிங்டனை உரசிக்கொண்டுதான் போகிறது. பிறந்த ஊரைத் தாண்டி வேலைக்குப் போகும் கார்.

எண்ணிக்கையைச் சும்மா சொல்லவில்லை. இந்தச் சோதனைக்கு ஜாகுவார் இ-டைப்பையோ ஆஸ்டின் ஹீலியையோ எடுக்காமல் எம்ஜிபியை எடுத்ததற்கு அதுதான் காரணம். ஐந்து லட்சம் கார் செய்தால் உதிரிப் பாகத்துக்கு ஒரு சந்தை உருவாகிறது. 1988 முதல் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் என்ற நிறுவனம் பழைய அச்சுகளைத் தேடி எடுத்து எம்ஜிபியின் முழு உடலையே புதிதாக அடித்துத் தருகிறது. பதினைந்து வயதான ஒரு சாதாரண காருக்குக் கதவுப் பிடி தேடி அலைந்தவர்களுக்கு இது பொறாமையாக இருக்கும்.

இன்னொரு காரணம் சொந்தக் காரணம். என் அப்பா விருதுநகரில் அம்பாசடர் டாக்ஸி ஓட்டியவர். அம்பாசடரின் 1489 சிசி பெட்ரோல் இயந்திரமும் எம்ஜிபியின் 1798 சிசி இயந்திரமும் ஒரே குடும்பம். பிஎம்சி என்ற பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் பி வரிசை. அந்த 1489 சிசி இயந்திரம்தான் எம்ஜிபிக்கு முந்தைய எம்ஜிஏ காரிலும் முதலில் இருந்தது. வாங்கப் போன அன்று பானெட்டைத் தூக்கிய மறுநொடி, எங்கள் வீட்டு வாசலில் நின்றிருந்த வண்டியின் வயிற்றைத்தான் பார்த்தேன். ராக்கர் மூடி, அதன் மேல் ஆயில் ஊற்றும் வாய், பக்கவாட்டில் டிஸ்ட்ரிபியூட்டர், எல்லாம் கை போய் நிற்கும் இடத்தில் இருந்தன. கார்புரேட்டர்தான் ஒன்றுக்கு இரண்டாக இருந்தது. ஸ்போர்ட்ஸ் கார் என்ற சொல்லின் பெரும்பகுதி அந்த இரண்டாவது கார்புரேட்டரில் அடங்கியிருக்கிறது என்று நினைக்கிறேன்.

காரின் பழைய கதை கொஞ்சம் தேவை. 1972ஆம் ஆண்டு செய்தது, குரோம் பம்பர், ஓவர்டிரைவ் உண்டு. எனக்கு விற்றவர் ஆறு வருடம் அதைக் கொட்டகையில் நிறுத்தியிருந்தார். அதற்கு முன்பு யாரோ சிலிண்டர் ஹெட்டைக் கழற்றிக் கடினமான எக்ஸாஸ்ட் வால்வு இருக்கைகள் போட்டதற்குப் பில் இருந்தது. 2000 தொடக்கத்தில் பிரிட்டனில் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றுபோனதால் அந்த வேலை அவசியம். 2021 செப்டம்பரில் பெட்ரோலில் எத்தனால் 10 சதவீதமாகக் கூடியது; பழைய ரப்பர் குழாய்களை அது தின்றுவிடும். ஓட்டத் தொடங்குமுன் குழாய்கள் எல்லாவற்றையும் மாற்றினேன். பெட்ரோலும் எத்தனால் குறைந்த விலைகூடிய வகைதான் போட்டேன்.

காலை

இந்தக் காரை ஓட்டுவதில் புதியவருக்கு விசித்திரமாக இருப்பது அதன் வேகமோ சத்தமோ இல்லை. அதை எழுப்புவதற்கு ஒரு முறை இருக்கிறது. சாவியை ஒரு படி திருப்பியதும் ஸ்டார்ட் செய்யக் கூடாது. பின்புறம் மின் பெட்ரோல் பம்ப் டக் டக் டக் என்று அடிக்கும். கார்புரேட்டர் கிண்ணங்கள் நிரம்பியதும் அடி இடைவெளி விட்டு, நிற்கும். அதற்குப் பிறகு, குளிர்ந்த இயந்திரத்துக்குப் பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும் சோக்கை இழுத்து, ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல், சாவியைத் திருப்ப வேண்டும். பிடித்துக்கொண்டதும் சோக்கைப் பாதி உள்ளே விட வேண்டும். எங்கள் தெருமுனை வரை பாதி, ரவுண்டானா வரை கால், ஏ34 ஏறும்போது முழுவதும் உள்ளே. மறந்து சோக்கோடு ஓட்டினால் பிளக் கருத்துப்போகும், சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலைப் பெட்ரோல் கழுவிவிடும்.

ஆயில் பிரஷர் முள்ளைப் பார்க்கும் பழக்கமும் ஒட்டிக்கொண்டது. சூடான பிறகு ஓட்டத்தில் சதுர அங்குலத்துக்கு 50 பவுண்டுக்கு மேல் இருந்தால் நிம்மதி. இன்றைய கார்களில் அந்த முள்ளே இல்லை. ஒரு சிவப்பு விளக்கு இருக்கிறது, அது எரியும்போது காலம் கடந்திருக்கும். முள் உள்ள காரில் கெடுதல் ஒரு மாதம் முன்பே தலைகாட்டும்.

ஏ34இல் 70 மைல் வேகத்துக்கு அனுமதி உண்டு. சாதாரண நான்காம் கியரில் அந்த வேகத்துக்கு இயந்திரம் நிமிடத்துக்கு 3,900 சுற்று வரை சுற்றும். காதும் வலிக்கும், பெட்ரோலும் போகும். இங்கேதான் ஓவர்டிரைவ் காரின் தலையெழுத்தை மாற்றுகிறது. கியர்பாக்ஸுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் இந்தக் கூட்டுக்கு ஒரு சுவிட்ச். கிளட்சை மிதிக்கத் தேவையில்லை. தட்டியதும் ஒரு சிறு அசைவு, சுற்று 3,200க்கு இறங்கிவிடும், பக்கத்தில் இருப்பவரோடு பேசலாம். தினமும் ஓட்ட எம்ஜிபி தேடுகிறவர் நிறத்தையும் கம்பிச் சக்கரத்தையும் விட்டுவிட்டு ஓவர்டிரைவ் வேலை செய்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். கம்பிச் சக்கரம் அழகு, ஒப்புக்கொள்கிறேன்; அதன் ஆரங்களைத் தேய்த்துக் கழுவியவர்களிடம் அழகைப் பற்றிப் பேசாதீர்கள்.

பெட்ரோல் கணக்கு: கேலனுக்குச் சராசரி 27 மைல், அதாவது லிட்டருக்கு ஒன்பதரை கிலோமீட்டர். வருடத்துக்கு 1,450 லிட்டர் அளவில் குடித்தது. ஆயில் ஆயிரம் மைலுக்கு அரை லிட்டர், அதில் எவ்வளவு எரிந்தது, எவ்வளவு வாசலில் வைத்த அட்டைப் பெட்டியில் சொட்டியது என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆயில் சொட்டவில்லை என்றால் உள்ளே ஆயில் இல்லை என்று பொருள் என்பது இங்கே பழைய கார்காரர்களின் நகைச்சுவை. முதல் முறை கேட்டபோது சிரித்தேன்.

ஒவ்வொரு 3,000 மைலுக்கும் ஆயில் மாற்றம், கிரீஸ். முன் சக்கரம் திரும்பும் அச்சுக்குக் கிங்பின் என்று பெயர், அது ஒவ்வொன்றிலும் மூன்று கிரீஸ் நிப்பிள்கள். கையில் கிரீஸ் கன்னோடு சக்கரத்தின் அடியில் படுத்தால் அரை மணி நேர வேலை. செய்யாமல் விட்டவர்களின் கார்களில் ஸ்டியரிங் கல்லாகி, பின் தேய்ந்து, பெரிய செலவு வைக்கிறது. பாயிண்ட் இடைவெளி, டாப்பெட், கார்புரேட்டர் குழலில் இரண்டு சொட்டு ஆயில்: இவையெல்லாம் சேர்ந்து மாதத்துக்கு ஒரு சனிக்கிழமைக் காலை. அப்பா இதையெல்லாம் தினமும் செய்தார், ஆனால் அவருக்கு அது பிழைப்பு.

நின்ற நான்கு முறை

நோட்டின் முக்கியமான பகுதி இதுதான். 190 வேலை நாளில் 9 நாள் ரயிலில் போனேன். காரணம் நான்கு பழுதுகள்.

முதலாவது ஜூன் மாதம். மாலை வீடு திரும்பும்போது, ஏ34ஐ விட்டு இறங்கும் மில்டன் சந்திப்பில், இயந்திரம் இருமி, மூச்சு வாங்கி, நின்றது. சாவியைத் திருப்பினேன். டக் டக் சத்தம் இல்லை. சத்தம் இல்லாததே நோயைச் சொல்லிவிட்டது. பம்ப் இருப்பது வலது பின்சக்கரத்துக்கு முன்னால், பாட்டரிப் பெட்டியின் ஓரத்தில். வீல் ஸ்பேனரால் அதன் உடம்பில் இரண்டு தட்டு தட்டினேன். அடிக்கத் தொடங்கியது. வீடு வந்து சேர்ந்தேன். வார இறுதியில் திறந்து பார்த்தால் உள்ளே இருக்கும் சிறிய பாயிண்டுகள், அதாவது மின் தொடுமுனைகள், கருத்துப் பொடிந்திருந்தன. ஆறு வருடம் கொட்டகையின் ஈரத்தில் நின்றதன் விளைவு அது. ஓட்டத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

இரண்டாவது ஆகஸ்டில். இதுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்த பழுது. எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், அறையில் விளக்கை அணைத்ததுபோல இயந்திரம் அணைந்தது. பம்ப் அடிக்கிறது, பெட்ரோல் இருக்கிறது. காயிலிலிருந்து வரும் வயரைக் கழற்றிப் பார்த்தேன், நெருப்பு வருகிறது. பிளக் வயரில் வரவில்லை. இடையில் இருப்பது, மின்சாரத்தை ஒவ்வொரு பிளக்குக்கும் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியும் அதற்குள் சுழலும் ரோட்டரும் மட்டுமே. ரோட்டர் புத்தம் புதிது, ஏப்ரலில் நானே வாங்கி மாட்டியது. இப்போது புதிதாகச் செய்து விற்கும் ரோட்டர்களில் பித்தளைத் தகட்டைப் பிடிக்க ஒரு ரிவெட் அடிக்கிறார்கள். அது ஆழமாக இறங்கினால் அடியில் இருக்கும் தண்டுக்கும் அதற்கும் இடையே பிளாஸ்டிக் மெல்லியதாகிவிடும். ஒரு நாள் மின்சாரம் அதைத் துளைத்து நேரே எர்த்துக்கு இறங்கிவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. டிக்கியில் பழைய சொந்தக்காரர் விட்டுப்போன டப்பா ஒன்று இருந்தது. அதில் கிடந்த பழைய ரோட்டரை மாட்டினேன். முதல் சுற்றில் பிடித்தது. கழற்றிய பழைய பாகம் வேலை செய்துகொண்டிருந்தால் அதைத் தூக்கி எறியக் கூடாது என்று அன்று முதல் பிடிவாதமாக இருக்கிறேன். டிக்கி இப்போது காயலான் கடை. பிறகு ரிவெட் இல்லாமல் வார்த்த சிவப்பு ரோட்டர் வாங்கினேன். பிரச்சினை மறுபடி வரவில்லை.

எம்ஜிபிக்கு எல்லாப் பாகமும் கிடைக்கும் என்று மேலே பெருமையாக எழுதினேன். உண்மைதான், ஆனால் கிடைப்பது வேறு, நன்றாக இருப்பது வேறு. கண்டன்சர், ரோட்டர், ரப்பர் புஷ், தெர்மோஸ்டாட் போன்ற சின்னச் சாமான்களில் இன்று வருவது பல நேரம் பழையதைவிட மட்டம். ஐம்பது வருடம் உழைத்ததைக் கழற்றி ஐந்து மாதம் உழைப்பதைப் போட்டால் அதற்குப் பராமரிப்பு என்று பெயரில்லை.

மூன்றாவது நவம்பர், மழை, மாலை ஐந்து மணிக்கே இருட்டு. இண்டிகேட்டர் போட்டால் டாஷ்போர்டு விளக்கும் சேர்ந்து மினுக்கியது. ஹெட்லைட் மஞ்சள் பூத்து, பிறகு டிம்முக்கு மாற்றியபோது முழுதாகவே போய்விட்டது. லாரிகளுக்கு நடுவே சில வினாடிகள் இருட்டில் ஓட்டினேன். அந்தச் சில வினாடிகளைப் பற்றி இப்போதும் எழுத மனமில்லை. பிரைட்டுக்கு மாற்றியதும் வெளிச்சம் வந்தது, எதிரே வந்தவர்களின் திட்டை வாங்கிக்கொண்டு ஓரங்கட்டினேன்.

பிரிட்டிஷ் கார்களின் மின்சாமான்கள் பெரும்பாலும் லூகாஸ் நிறுவனத்துடையவை. அந்த நிறுவனத்துக்கு இருட்டின் இளவரசன் என்று ஒரு கேலிப் பெயர் இருக்கிறது. விளக்குப் போனால் பழியை அங்கே போட்டுவிட்டு எல்லோரும் சிரிப்பார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். வயர்களைப் பிரித்துப் பார்த்தபோது கதை வேறாக இருந்தது. லூகாஸின் நிற ஒழுங்கு அருமையானது: பாட்டரியிலிருந்து நேரே வருவது பழுப்பு, சாவி வழியாக வருவது வெள்ளை, சாவிக்குப் பின் ஃபியூஸ் தாண்டியது பச்சை, எப்போதும் உயிரோடு இருக்கும் ஃபியூஸ் வழி ஊதா, ஹெட்லைட் நீலம், எர்த் கறுப்பு. ஒரு மணி நேரத்தில் மனப்பாடம் ஆகிவிடும். அந்த ஒழுங்குக்குள் யாரோ ஒருவர் எப்போதோ ரேடியோ மாட்டுவதற்காகக் கிளிப் போட்டு வயரைக் கிழித்து, எங்கிருந்தோ மின்சாரம் திருடியிருந்தார். முன்பக்க எர்த் இணைப்பில் பச்சைப் பூஞ்சணம்போல் களிம்பு. இது மனிதர் கெடுத்தது.

ஆனாலும் வடிவமைப்பில் ஒரு குறை உண்டு. அதை மறைக்க மாட்டேன். ஹெட்லைட்டுக்கு ஃபியூஸ் கிடையாது, முழு மின்சாரமும் சுவிட்சுகள் வழியாகவே ஓடும். ஐம்பது வருடத்தில் சுவிட்சுக்குள் இருக்கும் தொடுமுனை தேய்ந்து சூடாகும். சுவிட்சின் பாரத்தைத் தாங்கள் ஏற்கும் ரிலேக்கள், ஃபியூஸ்கள் வாங்கி ஒரு ஞாயிற்றுக்கிழமை மாட்டினேன். வெளிச்சம் ஒன்றரை மடங்கு கூடியதுபோல் கண்ணுக்குப் பட்டது. முதல் மாதமே செய்திருக்க வேண்டிய வேலை.

நான்காவது என் சோம்பல். எம்ஜிபியில் அந்தக் காலத்தில் ஒரு 12 வோல்ட் பாட்டரிக்குப் பதிலாக இரண்டு 6 வோல்ட் பாட்டரிகள், பின்சீட்டுக்கு அடியில், ஆளுக்கொரு குழியில். பார்க்க வேண்டும் என்றால் சீட்டைத் தூக்கி, விரிப்பை மடித்து, மூடியைத் திருக வேண்டும். ஆகவே பார்க்கவில்லை. 2022 டிசம்பர் நடுவில் இங்கிலாந்து முழுவதும் பத்து நாள் உறைந்து கிடந்தது நினைவிருக்கும். ஒரு காலை என் வெப்பமானி பூஜ்யத்துக்கு 7 டிகிரி கீழே காட்டியது. ஸ்டார்ட்டர் ஒரு முனகல் முனகி நின்றது. இரண்டில் ஒரு பாட்டரியில் தண்ணீர் வற்றிப்போயிருந்தது. ஒன்று செத்தால் மற்றதும் வேலைக்கு ஆகாது. ஒரே 12 வோல்ட் பாட்டரிக்கு மாறினேன். இணைப்பு வயரைக் கொஞ்சம் மாற்ற வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

நான்கையும் வரிசையாக வைத்துப் பார்த்தால், ஒன்று நிறுத்தி வைத்ததால் வந்தது, ஒன்று புதுப்பாகத்தால், ஒன்று முன்னாள் கைகளால், ஒன்று என்னால். ஓடித் தேய்ந்து கெட்டது என்று ஒன்றும் இல்லை. மாறாக, செப்டம்பருக்குப் பிறகு கார் ஏப்ரலில் இருந்ததைவிடத் தெளிவாக ஓடியது. கார்புரேட்டர் படிந்தது, பிரேக் இறுக்கம் விட்டது, ஆயில் சீல்கள்கூட ஊறி ஒழுக்கைக் குறைத்துக்கொண்டன. தினமும் ஓடுவது இந்த இயந்திரத்துக்கு மருந்து.

வெயில் நாள்

2022 ஜூலை 19. லிங்கன்ஷயரின் கோனிங்ஸ்பியில் 40.3 டிகிரி, பிரிட்டனில் அதுவரை பதிவான எல்லா வெப்பத்தையும் தாண்டிய நாள். ஆக்ஸ்போர்டில் 38ஐத் தாண்டியது. வீட்டிலிருந்து வேலை செய்யுங்கள் என்று எல்லோருக்கும் சொல்லியிருந்தார்கள். எங்கள் வீட்டில் ஏசி இல்லை, அலுவலகத்தில் இருந்தது. விருதுநகர்க்காரனுக்கு 38 டிகிரி ஒரு செய்தியா என்று வீறாப்பாகக் கிளம்பினேன்.

போகும்போது ஒன்றும் இல்லை. திரும்பும்போது ஹிங்ஸி ஹில் சந்திப்பில் வாகன வரிசை நின்றது. வெப்பமானி முள் மெதுவாக மேலேறியது. இதற்கு ஒரு பழைய வழி உண்டு: ஹீட்டரை முழுவதும் திறந்துவிட்டால் அது இரண்டாவது ரேடியேட்டராக வேலை செய்யும். 38 டிகிரியில், கறுப்பு வினைல் சீட்டில், கால்மாட்டில் கொதிகாற்று அடிக்க, இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். முள் இறங்கியது. நான் கிட்டத்தட்ட ஆவியாகிவிட்டேன். அன்று ஏ34இன் ஓரத்தில் பானெட்டைத் திறந்துவைத்து நின்றவற்றில் பழைய கார் ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. பழைய கார்காரர்களுக்கு அன்று வெளியே வராத புத்தி இருந்திருக்கிறது என்பதும் ஒரு விளக்கம்.

மனைவிக்கு இந்தக் கார்மேல் இருந்த குறை வெயில் அல்ல, வாடை. துணியில் பெட்ரோல் வாடை ஏறிவிடும். கல்யாண வீட்டுக்குப் பட்டுப்புடவையோடு இதில் ஏற முடியாது என்று ஒருமுறை ரயிலில் போய்விட்டார். அவர் சொன்னது சரி.

பயம் எங்கே இருக்க வேண்டும்

வழியில் நிற்பதைப் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். கேட்க வேண்டியது நிறுத்துவதைப் பற்றி. முன்னால் டிஸ்க், பின்னால் டிரம், ஏபிஎஸ் இல்லை, காற்றுப்பை இல்லை. பிரிட்டிஷ் சந்தைக்கு வந்த 1972 எம்ஜிபியின் பிரேக்கில் ஒரே சுற்றுதான். எங்காவது ஒரு குழாய் வெடித்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும், கையில் ஹேண்ட்பிரேக் மட்டும் மிஞ்சும். பிரேக் குழாய்கள் அனைத்தையும் தொடக்கத்திலேயே மாற்றினேன். அது கௌரவத்துக்குச் செய்த செலவு இல்லை.

முன்னால் போகும் வண்டிக்கும் எனக்கும் நடுவே நான் விடும் இடைவெளி மற்றவர்கள் விடுவதைவிட இரண்டு மடங்கு. ஏ34இல் அந்த இடைவெளியைப் பார்த்ததும் யாராவது நுழைந்துவிடுவார்கள். மறுபடி பின்வாங்குவேன், மறுபடி ஒருவர். எந்தப் பழுதையும்விட என்னைக் களைப்பாக்கியது இதுதான். லாரியின் சக்கர நட்டுகளின் உயரத்தில் என் கண் இருக்கிறது. லாரி ஓட்டுநருக்கு நான் இருப்பதே தெரியாது. ஹெட்லைட்டைப் பகலிலும் எரியவிட்டேன். பின்சீட் என்று ஒரு திண்டு இருக்கிறது. அதில் காய்கறிப் பை வைப்பேன். குழந்தையை வைக்க மாட்டேன், யார் கேட்டாலும் வைக்கச் சொல்ல மாட்டேன்.

காகித வேலையில் அரசு தாராளமாக இருக்கிறது. 40 வருடம் கடந்த காருக்குச் சாலை வரி இல்லை, லண்டனின் காற்று மாசுக் கட்டணம் இல்லை, 2018 மே மாதத்திலிருந்து, பெரிய மாற்றம் செய்யாத காராக இருந்தால், கார் சாலைக்குத் தகுதியா என்று பார்க்கும் வருடாந்திர எம்ஓடி சோதனையும் கட்டாயமில்லை. கடைசிச் சலுகை எனக்குப் பிடிக்கவில்லை. காப்பீட்டில் மட்டும் கவனம் வேண்டும்: பழைய கார்களுக்கான மலிவான பாலிசிகள் பலவற்றில் மைல் வரம்பு உண்டு, வேலைக்குப் போய்வருவது சேராது. கேட்டு, எழுதி வாங்கி, கொஞ்சம் கூடுதலாகக் கட்டினேன்.

உப்பு

கட்டாயமில்லாத அந்தச் சோதனைக்கு 2023 மார்ச் 24 அன்று காரைக் கொண்டுபோனேன். லிஃப்டில் ஏற்றிய மெக்கானிக், விளக்கைப் பிடித்துக்கொண்டு இயந்திரத்தின் அடியைப் பார்த்தார், பிரேக்கைப் பார்த்தார், எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். பிறகு இடது கதவின் கீழே சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே வந்தார். டங், டங், டங், தொப். அந்தக் கடைசிச் சத்தத்துக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை.

எம்ஜிபிக்குத் தனிச் சேசிஸ் கிடையாது. தகரக்கூடே எலும்பு. அந்த எலும்பில் முக்கியமானது கதவுக்குக் கீழே முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை ஓடும் சில் என்ற பெட்டி. வெளித்தகடு, நடுவில் ஒரு தடுப்பு, உள்தகடு, அடியில் ஒரு தாங்கி என்று அடுக்கடுக்காக இருக்கும். வெளியே தெரிவது அடுக்கில் ஒன்று மட்டுமே. முன்சக்கரம் வாரி இறைக்கும் சேற்றுத் தண்ணீர் அந்தப் பெட்டியின் முன்முனையில்தான் விழுகிறது. அங்கே பல வருடங்களுக்கு முன் யாரோ துருவை வெட்டாமல், துருவின் மேலேயே புதுத் தகட்டை வைத்து வெல்டிங் செய்து பெயிண்ட் அடித்திருந்தார்கள். அது அப்படியே இன்னும் சில காலம் தூங்கியிருக்கும். என்னுடைய குளிர்காலம் அதை எழுப்பிவிட்டது.

இங்கே உறைபனி வருமென்றால் முந்தைய இரவே லாரிகள் சாலையில் கல்லுப்பைத் தூவிவிடும். செஷயரின் வின்ஸ்ஃபோர்டில் பூமிக்கடியில் வெட்டி எடுக்கும் பழுப்பு நிற உப்பு. ஏ34 போன்ற முக்கியச் சாலைகளுக்கு அதில் முதல் பங்கு. டிசம்பரிலும் ஜனவரியிலும் நான் வீடு வந்து சேரும்போது கார் கருவாட்டுக்குத் தயாரானதுபோல் வெண்மை பூத்திருக்கும். மேலே தெரிந்ததைக் கழுவினேன். அடியில் குழாய்த் தண்ணீர் அடித்தது நான்கு தடவையோ ஐந்து தடவையோ. சில்லின் உட்புறத்துக்கு மெழுகு அடிக்க வேண்டும் என்று நோட்டில் அக்டோபரில் எழுதியிருக்கிறது. செய்ததற்குப் பதிவு இல்லை.

செலவைப் பார்த்தால் விஷயம் விளங்கும். வருடம் முழுவதும் பழுது, பராமரிப்பு, பாகங்கள், ஆயில் எல்லாம் சேர்த்து 1,240 பவுண்டு. இடது சில் ஒன்றை மட்டும் வெட்டி எடுத்துப் புதிதாக வைக்க 2,100 பவுண்டு. வெல்டிங் செய்யும்போது கதவு இடைவெளி விரியாமல் இருக்க நடுவே இரும்புக் குழாய் முட்டுக்கொடுத்து, கார் தன் எடையில் நேராக நிற்கும்படி தாங்கி வைத்துத்தான் பழையதை அறுக்க வேண்டும். இல்லாவிட்டால் வேலை முடிந்தபின் கதவு சாத்தாது. அவசரத்தில் செய்ய முடியாத வேலை என்பதால் கார் ஆறு வாரம் அங்கேயே இருந்தது.

ஆக, தினமும் ஓட்ட முடியுமா என்ற கேள்விக்கு என் நோட்டு தரும் பதில் கொஞ்சம் கோணலானது. இயந்திரத்துக்கு ஓட்டம் வேண்டும், தகரத்துக்கு உப்புச் சாலை ஆகாது. குளிர்காலம் முழுவதும் போர்த்தி நிறுத்திவைத்தால் பம்ப் கருக்கும், பிரேக் ஒட்டும், கொட்டகைக் கார் ஆகிவிடும். அடாத குளிரிலும் ஓட்டினால் சில் போகும். இரண்டுக்கும் நடுவே நான் கண்டுபிடித்த ஏற்பாடு, நல்ல மழை பெய்து சாலையைக் கழுவிய பிறகு, உறைபனி அறிவிப்பு இல்லாத நாளில் எடுப்பது. எடுத்தால் இயந்திரம் நன்றாகச் சூடாகும்படி இருபது மைலாவது ஓட்டுவது. மற்ற நாட்களில் ரயில். அன்றாடக் கார் என்ற பட்டத்துக்கு இது கொஞ்சம் குறைவுதான். ஏப்ரல் முதல் நவம்பர் வரை பட்டம் செல்லும்.

அப்பாவிடம் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னேன். ரோட்டர் கதையைக் கேட்டுச் சிரித்தார், ஹெட்லைட் கதைக்குத் திட்டினார். உப்பைச் சாலையில் அரசாங்கமே கொட்டுகிறது என்பதை மட்டும் அவர் நம்பவில்லை. இரண்டு முறை திரும்பக் கேட்டார்.

முதல் நோட்டின் கடைசி வரி: மார்ச் 31, ஆயில் அரை லிட்டர், இடது சில்லுக்கு நாள் வாங்கியாயிற்று. இரண்டாவது நோட்டு மே 15 அன்று தொடங்குகிறது. அதன் முதல் வரி: சில் உள்ளே மெழுகு, இரண்டு பக்கமும்.